பெல்ட் இல்லாத தோரோபெக்

தோரோபெக்குக்கு விவாகரத்து ஆகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இது அவனுக்குத் தெரியும். அவனுடைய முன்னாள் மனைவி சால்கினாய்க்குத் தெரியும். சால்கினாயின் இந்நாள் புருஷனுக்குத் தெரியும். எங்கள் கிர்கீஸ் மலையூர் கோக்-புலாக்கின் பஸ் நிலையத்தில் சம்சா விற்கிறவளுக்கும், அதை வாங்கி நாக்கைச் சுட்டுக்கொள்கிறவர்களுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது அரசாங்கத்துக்கு மட்டும்தான். ஒரு விஷயம் அரசாங்கத்துக்குத் தெரியாது என்றால் அது நடக்கவில்லை என்று அர்த்தம். யாருக்கு நடந்ததோ அவர்கள்தான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இத்தனை நாள் அவனுக்கு அந்தக் கவலை வரவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், மலைக் கணவாயைத் தாண்டி, மகள் படிக்கிற நகரத்துக்கு மினி பஸ் ஓட்டிக்கொண்டு, தனியாகச் சமைத்து, தனியாகக் கருகவிட்டு, நிம்மதியாகத்தான் இருந்தான். கவலையைக் கொண்டுவந்தவள் கான்ஷாயிம். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவள். இந்த நிலையத்துக்கு அவள் மாற்றலாகி வந்ததிலிருந்து, நாலு வருஷமாக, அந்த ஜன்னல் ஓட்டை வழியாக அவன் பயணச்சீட்டுக் கட்டை நீட்டுவான், அவள் முத்திரை குத்துவாள். ஒருநாள் கட்டோடு சேர்த்து மனசையும் நீட்டிவிட்டான்.

"நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன, கான்ஷாயிம்?"

அவள் முத்திரையை எடுத்த கை எடுத்தபடி நின்றது.

"ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எழுதறதா இருந்தா சரி, டிரைவரே. முல்லா வந்து ஓதினா போதும், காகிதம் எதுக்குன்னு கேக்கிற ஆளா இருந்தா, பின்னாடி க்யூ நிக்குது, நகருங்க."

காரணம் இருந்தது. கான்ஷாயிம் முல்லா ஓதிய கல்யாணத்தில் பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். புருஷன் ருஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். அங்கே இன்னொருத்தியைக் காகிதத்தில் கட்டிக்கொண்டான். இவள் நியாயம் கேட்க ஆபீசுக்குப் போனபோது, கணினியைப் பார்த்துவிட்டு ஒருத்தி சொன்னாளாம், "அக்கா, நீங்க அவருக்கு யாருமே இல்லையே." வீடும் அந்த வார்த்தையோடு போயிற்று. அன்றிலிருந்து கான்ஷாயிம் காகிதத்தை மட்டும்தான் நம்பினாள்.

"என் பொண்ணு நோவோசிபிர்ஸ்க்குல இருந்து டிக்கெட் எடுத்து அனுப்பிருக்கா. பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை விமானம்" என்றாள். "அதுக்குள்ள நீங்க டைவர்ஸ் ஆனவர்ங்கிறதுக்கு ஆபீஸ்ல புதுசா ஒரு காகிதம் வாங்கிக் கொண்டாங்க. இல்லைன்னா நான் பேரனுக்குக் கஞ்சி காய்ச்சப் போறேன். போனா திரும்ப மாட்டேன்."

தோரோபெக் சிரித்தான். விவாகரத்துச் சான்றிதழ் அலமாரியில் பத்திரமாக இருந்தது. அதைக் காட்டிப் புதுக் காகிதம் வாங்குவது ஒரு மணி நேர வேலை என்று நினைத்தான். பாவம்.

கோக்-புலாக்கில் 'மக்கள் சேவை ஒரே சாளர மையம்' என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அந்த ஒரே சாளரத்துக்குப் பதினொரு ஜன்னல்கள். உள்ளே நுழைகிறவன் "யாரு கடைசி?" என்று கேட்பான். கடைசி ஆள் கையைத் தூக்குவார். அவருக்குப் பின்னால் தான் என்பதை மனசில் வைத்துக்கொண்டு அவன் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம், தூங்கலாம், வீட்டுக்குப் போய் மாடு கறந்துவிட்டும் வரலாம். தோரோபெக் பச்சைத் தலைக்குட்டைக்காரி ஒருத்திக்குப் பின்னால் ஆனான். அவள் நடுவில் தலைக்குட்டையைக் கழற்றிவிட்டதால் இரண்டு முறை தன் இடத்தைத் தொலைத்தான். மூன்றாம் மணி நேரத்தில் ஒன்றாம் ஜன்னலை அடைந்தான்.

ஜன்னலில் ஜிபார் என்ற பெண். நகப்பூச்சு காய்வதற்காக விரல்களை விரித்து வைத்துக்கொண்டே தட்டச்சு செய்யத் தெரிந்தவள்.

"கல்யாணம் ஆனவரு நீங்க" என்றாள், திரையைப் பார்த்து.

"ஆகி, முறிஞ்சு, பதினோரு வருஷம் ஆச்சும்மா. இந்தா சான்றிதழ்."

ஜிபார் வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பிறகு ஆறுதலாகச் சொன்னாள்:

"இது வேற ஆளோட டைவர்ஸ், அண்ணே."

விஷயம் இதுதான். தோரோபெக் என்ற பெயரை கிர்கீஸில் எழுதும்போது அதில் வரும் இரண்டு 'ஓ' எழுத்திலும் நடுவில் குறுக்காக ஒரு கோடு உண்டு. இடுப்பில் பெல்ட் கட்டிய ஓ. பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. கல்யாணப் பதிவேட்டிலும், அந்தக் காலத்து எழுத்தர் மையைத் தொட்டுத் தொட்டு இரண்டு பெல்ட்டையும் போட்டிருக்கிறார். ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன் கோர்ட்டில் இருந்த கணினிக்கு ருஷ்ய எழுத்து மட்டும்தான் தெரியும். பெல்ட் கட்டத் தெரியாது. அதனால் விவாகரத்துச் சான்றிதழில் இருந்த தோரோபெக் இரண்டு ஓவிலும் இடுப்பு வெறுமையாக நின்றான்.

"அது நான்தாம்மா!"

"நீங்க பெல்ட் போட்டவரு. இவரு போடாதவரு. ரெண்டு எழுத்து வித்தியாசம். ஒரு எழுத்துன்னாக்கூட ஏதாவது பார்த்துப் பண்ணலாம்."

"அப்ப சால்கினாய் யாரைத்தான் டைவர்ஸ் பண்ணா?"

"பெல்ட் இல்லாதவரை."

"அவ மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாளே, அது?"

"செல்லும். அவங்க பேர்ல எல்லா எழுத்தும் சரியா இருக்கு. அவங்க டைவர்ஸ் ஆனவங்க."

"அப்ப நான்?"

ஜிபார் விரல் நகத்தை ஊதினாள். "நீங்க அவங்களுக்குப் புருஷன். அவங்கதான் உங்களுக்குப் பொண்டாட்டி இல்ல."

தோரோபெக் கணவாயில் முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். பனிச்சரிவு பார்த்திருக்கிறான். பிரேக் பிடிக்காத இறக்கம் பார்த்திருக்கிறான். அரைக் கல்யாணத்தைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"வெளிய உங்க போர்டைப் பாரும்மா" என்றான். "கோக்-புலாக்னு எழுதிருக்கீங்க. அதுலகூடத்தான் அந்த ஓவுக்குப் பெல்ட் இல்லை."

"ஊர் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்லையே, அண்ணே. அடுத்தவங்க வாங்க!"

எழுத்துப் பிழையைத் திருத்தலாம் என்று நாலாம் ஜன்னலில் சொன்னார்கள். ஆனால் திருத்தச் சொல்லி விண்ணப்பம் தர வேண்டியது யார் பெயரில் பிழை இருக்கிறதோ அவர். அதாவது பெல்ட் இல்லாதவர். தன் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும்.

"அவனும் நானும் ஒரே ஆள்" என்றான் தோரோபெக்.

"அப்படின்னா 'இருவரும் ஒருவரே' சான்று வாங்குங்க. கஷ்டமே இல்ல. நீங்க ரெண்டு பேரும் வரணும். ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்த்த சாட்சி ஒருத்தர் வரணும்."

வேறு வழி தெரியாமல் தோரோபெக் சால்கினாயைப் போய்க் கூப்பிட்டான். சால்கினாய் கெட்டவள் இல்லை. வாய் மட்டும்தான் கொஞ்சம் நீளம். கம்பளிச் செருப்பு தைக்கிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வந்தாள்.

நாலாம் ஜன்னலில் கேட்டார்கள்: "இந்த ரெண்டு பேரையும் உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். ரெண்டும் குறட்டை விடும்."

"ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல பார்த்திருக்கீங்களா?"

"பதினாறு வருஷம். ஒரே கட்டில்ல."

ஜன்னலுக்கு உள்ளே பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. சாட்சியம் எழுத்து பிசகாமல் பதிவானது. மறுநாள் பதில் வந்தது: மேற்படி வீட்டில் மகள் நீங்கலாகக் கணவன் ஒருவர், மனைவி ஒருவர் என இருவருக்கு மட்டுமே குடியிருப்புப் பதிவு உள்ளது, சாட்சியின் கூற்றுப்படி மூவர் வசித்ததாகத் தெரிவதால், பதிவு செய்யாமல் தங்கிய ஆண் யார் என்று விளக்கம் தரவும்.

"பார்த்தியா, உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு எனக்குக் கெட்ட பேரு வந்தது இப்பத்தான்" என்றாள் சால்கினாய். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "நிஜமாவே அந்த டிக்கெட் ஜன்னல்காரியைக் கட்டப் போறியா? நல்ல பொம்பளை. விட்றாதே" என்றும் சொன்னாள்.

இப்படியாக அவன் மையத்தின் தலைவர் சத்தார் மாமிரோவிச்சின் அறைக்கு வந்து சேர்ந்தான். பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. அறையில் ஒரு பெரிய மேஜை, அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் அவருடைய புகைப்படம். மேஜைக்குப் பின்னால் அவர்.

"உட்காருங்க. நீங்க கோபமா இருக்கீங்க. எல்லாரும் கோபமாத்தான் வர்றாங்க" என்று ஆரம்பித்தார். "நான் ஒண்ணு சொல்றேன். மனுஷன் நம்பற மாதிரியான பொருள் இல்லை. காலையில ஒண்ணு சொல்றான், சாயங்காலம் இன்னொண்ணு. தாடி வளர்க்கறான், எடுக்கறான். குண்டாகறான். காகிதம் அப்படியா? நான் இந்த நாற்காலிக்கு வந்து இருபத்திமூணு வருஷம். இதே இடத்துல நின்னு மனுஷங்க என்கிட்ட பொய் சொல்லிருக்காங்க, நிஜம் சொல்லிருக்காங்க. ரெண்டு பேருக்கும் நான் ஒரே படிவம்தான் குடுத்திருக்கேன். வித்தியாசமே பார்த்ததில்லை. அதுக்கு எனக்கு மெடல் இருக்கு."

இழுப்பறையைத் திறந்து மெடலையும் காட்டினார்.

"சத்தார் மாமிரோவிச், நான் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கலாம். ஆனா அதைச் சொல்ல வேண்டிய இடத்துல நீங்க இல்லை." மெடலை உள்ளே வைத்தார். "பெல்ட் இல்லாதவர் எங்கே இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உங்க முன்னாடி."

"தெரியாதுன்னு எழுதிக்கறேன். அப்ப அவர் காணாமப் போனவர். நாம அவரைத் தேடணும். மாவட்டப் பத்திரிகையில அறிவிப்புக் குடுப்போம். கிடைச்சா வந்து விண்ணப்பம் தரட்டும். கிடைக்கலைன்னா, இறந்தவர்னு வச்சு ஃபைலை மூடிடலாம். ரெண்டுல எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம்."

அறிவிப்புக்கு ஒரு புகைப்படம் வேண்டும் என்றார்கள். பெல்ட் இல்லாதவனுக்கு ஏது புகைப்படம்? தோரோபெக் தன்னுடையதையே கொடுத்தான். யாரும் ஆட்சேபிக்கவில்லை. படிவத்தில் 'ஒரு புகைப்படம்' என்றுதான் இருந்தது. யாருடையது என்று இல்லை.

முதலில் வந்தது போலீஸ்காரர். பஸ் நிலையத்தில் மினி பஸ்ஸின் கதவைத் தட்டிப் புகைப்படத்தை நீட்டினார்.

"இந்த ஆளைப் பார்த்திருக்கீங்களா?"

"தினம் பார்க்கிறேன். சவரம் பண்றப்ப."

"கடைசியா எங்க பார்த்தீங்க?"

"கண்ணாடியில."

போலீஸ்காரர் 'கண்ணாடிக் கடை' என்று எழுதிக்கொண்டார். "மறுபடி பார்த்தா போன் பண்ணுங்க. ஆள் ஆபத்தானவரா?"

"எனக்கு மட்டும்" என்றான் தோரோபெக்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. அறிவிப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெயர் பெல்ட் இல்லாமல், பிறந்த தேதி, புகைப்படம், கீழே வழக்கமான வாசகம். பத்திரிகைக்காரர்கள் ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். அந்த வாரம் அவர்களிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டம். அது இரங்கல் செய்திக்கான கறுப்புக் கட்டம். அறிவிப்பை அதற்குள் போட்டுவிட்டார்கள்.

எங்கள் ஆட்கள் கறுப்புக் கட்டத்தைப் பார்த்தால் அதற்குள் இருக்கும் எழுத்தைப் படிக்க மாட்டார்கள். சாவு விருந்துக்கு ஆட்டைப் பிடிக்கப் போய்விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தோரோபெக் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தெருக்கோடியில் ஒரு கதறல் கேட்டது. "ஐயோ, என் கூடப்பிறந்தவனே! என் மலையே, சரிஞ்சு போனியே!" மேல்கிராமத்துப் பெரியப்பா மகன் பாய்திக், காரை நிறுத்தாமலே இறங்கி, குதிரையில் வருகிறவன் மாதிரி முன்னால் சாய்ந்து ஓடிவந்தான். வாசலில் கோப்பையோடு நின்ற தோரோபெக்கைக் கட்டிப்பிடித்து அவன் தோளில் ஒரு பாட்டம் அழுது முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ உயிரோடவா இருக்கே?"

"இருக்கேன்."

பாய்திக்கின் முகத்தில் சந்தோஷம் வந்தது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது.

"ஆட்டை அறுத்தாச்சேடா. ரெண்டு. கூடாரம் லாரில வந்துக்கிட்டிருக்கு. அறுபது பேர் கிளம்பிட்டாங்க. அழறதுக்குன்னு வந்த ஜனத்தை எப்படித் திருப்பி அனுப்பறது? நம்ம வம்சத்துக்கே அசிங்கம்."

"நான் சாகலையே, பாய்திக்!"

"நீ சாகலை. பத்திரிகையில இருக்கிறவன் செத்துட்டான் இல்ல? யாரவன்?"

"என் எழுத்துப் பிழை."

"பிழையோ சரியோ, நம்ம வீட்டுப் பேரு. மரியாதையா அனுப்பிடுவோம்."

மதியத்துக்குள் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பிவிட்டது. இறந்தவனுக்கு மிக நெருங்கிய ஆண் கூடாரத்து வாசலில் கோலை ஊன்றி, குனிந்து நின்று, வருகிறவர்களை எல்லாம் ஓலமிட்டு வரவேற்க வேண்டும். இறந்தவனுக்குத் தோரோபெக்கைவிட நெருங்கினவன் யார் இருக்கிறான்? அவன் கையில் கோலைக் கொடுத்தார்கள். முதல் ஒரு மணி நேரம் அவனுக்குக் குரல் எழும்பவில்லை. அப்புறம் பதினெட்டாம் தேதி நினைவுக்கு வந்தது. ஓலம் தெளிவாக வந்தது. பாய்திக் பெருமையோடு தலையாட்டினான்.

சால்கினாய் வந்தாள். கறுப்புக் குட்டை கட்டிக்கொண்டு, புதுப் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கூடாரத்துக்குள் பெண்களோடு உட்கார்ந்து முறைப்படி அழுதாள்: "போனவனே, என் தங்கமே! கேட்டதும் மறுபேச்சுப் பேசாம டைவர்ஸ் குடுத்தியே! இன்னொருத்தன் இருக்கானே, அவன் இன்னும் குடுக்கலையே!"

அவளுடைய புதுப் புருஷன் கவலையோடு ஒரு பெரியவரிடம் கேட்டான், செத்தவனுடைய பெண்டாட்டியைச் செத்தவனின் சகோதரனுக்குக் கட்டிவைக்கிற அந்தப் பழைய வழக்கம் இப்போதும் உண்டா என்று. பெரியவர் வாயில் கறியோடு இருந்ததால் பதில் சொல்லவில்லை. அவன் சாயங்காலம்வரை சால்கினாயின் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

மூன்று மணிக்கு சத்தார் மாமிரோவிச்சே வந்தார். விருந்து வழக்கப்படி, அவருடைய பதவிக்குத் தக்க கறியெலும்பு அவர் முன்னால் வைக்கப்பட்டது. அதை ஒரு கை பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இரங்கல் உரை ஆற்றினார்.

"காலமான தோரோபெக்கை நான் நேரில் சந்தித்ததில்லை. அதுவே அவருடைய பெருமை! பதினோரு ஆண்டுகள் எங்கள் பதிவேட்டில் வாழ்ந்தார். ஒரு தடவை எங்கள் வாசலை மிதித்ததுண்டா? ஒரு விண்ணப்பம்? ஒரு சந்தேகம்? 'ஏன்' என்று ஒரு வார்த்தை? இல்லை. தாளில் எங்கே வைத்தோமோ அங்கேயே இருந்தார். எல்லாக் குடிமக்களும் அவர் மாதிரி இருந்துவிட்டால் பதினொரு ஜன்னலையும் மூடிவிட்டு நாங்கள் நிம்மதியாக வேலை பார்க்கலாம்." உயிரோடு கோலை ஊன்றி நின்றவனை ஒரு பார்வை பார்த்தார். "சிலர் அப்படி இல்லை."

பிறகு வழக்கப்படி இறந்தவனின் ஏழு தலைமுறைப் பெயர்களைப் பாய்திக் சொன்னான். உயிரோடு இருப்பவனும் அதே ஏழு பேர்களைச் சொன்னான். சத்தார் மாமிரோவிச் தேநீர்க் கிண்ணத்தை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தரா?"

"ஒருத்தர்தான்" என்றான் பாய்திக்.

"அம்மா?"

"அவங்களும்தான்."

"பிறந்த நாளும் ஒண்ணு. அட! முன்னாடியே சொல்லக் கூடாதா? நீங்க இரட்டையர்!"

தோரோபெக் வாயைத் திறந்தான். பாய்திக் அதற்குள் ஒரு போர்சோக்கைத் திணித்தான். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டு, வாயை அடைக்கிற அளவு பெரியது.

"இனிமே எல்லாம் சுலபம்" என்றார் சத்தார் மாமிரோவிச், முகமெல்லாம் மலர்ந்து. "சால்கினாயைக் கட்டினவரும் அவரு, டைவர்ஸ் பண்ணவரும் அவரு. கல்யாணப் பதிவேட்டுல எழுத்தர் தெரியாம உங்க ஓவைப் போட்டுட்டார். நீங்க இதுவரைக்கும் கல்யாணமே ஆகாதவரு! திங்கட்கிழமை வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க, பிரம்மச்சாரிச் சான்று தயாரா இருக்கும்."

தோரோபெக் போர்சோக்கை விழுங்கினான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. ஓடிப்போய்க் கான்ஷாயிமிடம் சொன்னான். அவள் பெட்டி கட்டி, கதவோரம் வைத்திருந்தாள்.

"திங்கட்கிழமை நானும் வர்றேன்" என்றாள். "ஜன்னல்ல எதைக் குடுத்தாலும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கணும்."

திங்கட்கிழமை ஒன்றாம் ஜன்னலில் ஜிபார் காகிதங்களை அடுக்கினாள். பக்கத்திலேயே சத்தார் மாமிரோவிச் தன் பேனாவோடு நின்றார். முதல் காகிதம் பிரம்மச்சாரிச் சான்று. இரண்டாவது, பெல்ட் இல்லாதவன் இறந்ததற்கு. கான்ஷாயிம் சொன்னபடியே அடுக்கைத் திருப்பினாள். அடியில் மூன்றாவதாக ஒன்று இருந்தது.

"இது என்ன?"

"அது ஒண்ணுமில்ல, தொடர் நடவடிக்கை" என்றாள் ஜிபார். "கல்யாணம் இறந்தவரோடதுன்னா, அந்தக் கல்யாணத்துல பிறந்த பொண்ணும் அவரோடதுதானே? பெர்மெத்தோட பதிவுல அப்பா பேரை மாத்தறோம். அண்ணன் இனிமே பெரியப்பா."

பெர்மெத்துக்கு இருபத்திரண்டு வயது. நகரத்தில் பல் மருத்துவம் படிக்கிறாள். மாதம் இரண்டு முறை அப்பாவின் மினி பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து கணவாயைத் தாண்டி வருவாள். வழியெல்லாம் அவனுடைய பல்லைக் குறை சொல்லிக்கொண்டே வருவாள்.

தோரோபெக் பேனாவைக் கீழே வைத்தான்.

"இதுல போட மாட்டேன்."

"பேரளவுக்குத்தானே, ஐயா!" என்றார் சத்தார் மாமிரோவிச். "பொண்ணு உங்க வீட்டுக்கு வரப் போறா, டீ குடிக்கப் போறா. காகிதத்துல மட்டும் பெரியப்பா. காகிதத்தையெல்லாம் போய் இவ்வளவு பெருசா எடுத்துக்கலாமா?"

"நான் அவ அப்பா. பெரியப்பா இல்ல. செத்தவன் பொண்ணுன்னு அவளை எழுத நான் விட மாட்டேன்." திரும்பிக் கான்ஷாயிமைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு விமானம். "என்னை மன்னிச்சிருங்க, கான்ஷாயிம். முடியலை."

கான்ஷாயிம் அவனை வெகுநேரம் பார்த்தாள். பதினெட்டு வருஷம் ஒருத்தனோடு வாழ்ந்தவள் அவள். அந்த ஆளாக இருந்தால் இந்த மூன்றாவது காகிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பான். கைப்பையைத் திறந்து வியாழக்கிழமைப் பத்திரிகையை எடுத்து ஜன்னல் பலகையில் விரித்தாள். அவளும் இருபது வருஷம் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தவள். அந்தப் பக்கத்து மூளை எப்படி ஓடும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஜிபார், இந்தக் கட்டத்துல அடியில என்ன போட்டிருக்கு? படி."

"'இவரைக் காண்போர் மையத்தில் ஒப்படைக்கவும்.'"

"கண்டுட்டேன்" என்றாள் கான்ஷாயிம். தோரோபெக்கின் முழங்கையைப் பிடித்து ஜன்னலுக்கு நேராக நிறுத்தினாள். "ஒப்படைக்கிறேன். ரசீது குடு."

ஜிபார் பத்திரிகையில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். தோரோபெக்கைப் பார்த்தாள். மறுபடி புகைப்படத்தைப் பார்த்தாள். "ஆமா, இவரேதான்!" என்றாள்.

"என்ன டிரைவரே, முழிக்கிறீங்க? நீங்க யாருன்னு சொல்லுங்க."

தோரோபெக் மெதுவாகப் புரிந்துகொள்கிறவன். ஆனால் புரிந்துவிட்டால் பிடி விட மாட்டான். "நான் தோரோபெக்" என்றான். "பெல்ட் கிடையாது."

சத்தார் மாமிரோவிச் இறப்புச் சான்றைத் தானே எடுத்து நாலாகக் கிழித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "இருபத்திமூணு வருஷத்துல காணாமப் போன ஒருத்தர்கூடக் கிடைச்சதில்லை! முதல் ஆள் நீங்கதான். மேலிடத்துக்கு எழுதறேன். போட்டோ எடுப்போம். எங்க இருந்தீங்க இத்தனை நாளா?"

"இங்கதான். க்யூவுல."

"அற்புதம்!"

'கண்டெடுக்கப்பட்டவர் சான்று' அங்கேயே அச்சானது. இந்த மையத்தின் எல்லாப் பணிகளுக்கும் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அது செல்லும். கான்ஷாயிம் அதன் பக்கத்தில் பதினோரு வருஷத்து விவாகரத்துச் சான்றிதழை வைத்தாள். இரண்டிலும் நாலு ஓவும் வெறும் இடுப்போடு ஒத்துப்போயின. ஜிபார் தட்டினாள். திரை, எந்த முணுமுணுப்பும் இல்லாமல், இவர் விவாகரத்து ஆனவர் என்று ஒப்புக்கொண்டது.

"கல்யாணம் பதியணும்" என்றாள் கான்ஷாயிம். "இப்பவே."

"ஒரு மாசம் காத்திருக்கணுமே, அக்கா."

"காணாமப் போனவருக்குக் காத்திருப்புக் கிடையாது" என்றார் சத்தார் மாமிரோவிச் பெருந்தன்மையோடு. "போதுமான அளவுக்குக் காணாமத்தான் இருந்திருக்கார்."

ஜிபார் புதிய படிவத்தைத் திறந்தாள். நடுவில் விரல் நின்றது. "அப்ப அந்த இன்னொருத்தர்? பெல்ட் போட்டவரு? அவர் ஃபைல் திறந்தே இருக்கே."

"திறந்தே இருக்கட்டும். அவர் பெர்மெத்தோட அப்பா" என்றாள் கான்ஷாயிம். "அவரை யாரும் தொட வேண்டாம்."

தோரோபெக் கைக்குட்டையைத் தேடினான். கூடாரத்து வாசலில் அன்று அறுபது பேர் முன்னால் ஓலமிட்டபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இப்போது மூக்கிலிருந்தும் வந்தது.

"மணமகனுக்கு இது எத்தனையாவது கல்யாணம்?" என்று கேட்டாள் ஜிபார்.

"ரெண்டாவது."

"மணமகளுக்கு?"

"ரெண்டாவது" என்றாள் கான்ஷாயிம், பழக்கத்தில்.

ஜிபார் தட்டிப் பார்த்தாள். "இல்லையே, அக்கா. உங்க பேர்ல முன்னாடி ஒண்ணுமே இல்லையே."

இந்த வார்த்தையைக் கான்ஷாயிம் ஒருமுறை, வேறு ஒரு ஜன்னலில், கேட்டிருக்கிறாள். பதினெட்டு வருஷச் சமையல், ஒரு பிரசவம், அவன் ருஷ்யாவுக்குப் போகிறபோது துவைத்து மடித்து வைத்த ஏழு சட்டைகள், எல்லாம் அந்த 'ஒண்ணுமே இல்லை'க்குள் கிடந்தன. தோரோபெக் அவள் கையைத் தொட்டான்.

"சரி, அப்ப முதல் தடவைன்னே எழுது" என்றாள் கடைசியில்.

ஜிபார் எழுதினாள். கான்ஷாயிம் ஜன்னல் ஓட்டைக்குள் கையை விட்டு, ஜிபார் பக்கம் திரும்பியிருந்த திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அப்படிச் செய்யக் கூடாது என்று எல்லா ஜன்னல்களிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. யாரும் தடுக்கவில்லை. 'முதல்' என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக இரண்டு தடவை படித்தாள்.

"ம்" என்றாள். "இப்ப அச்சடி."